சிரில் ஹவ்லெட் எதன் மேல் உட்கார்ந்தார்?

அந்த நாற்காலியில் உட்கார்ந்தது டெனிஸ் பன்னின் முதல் தவறு. அதிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தது இரண்டாவது.

"மேடம், ஒரு கை குடுங்களேன். இது என்னை விடவே மாட்டேங்குது."

ஹெஸ்டர் லார்ட்டர் கை கொடுக்கவில்லை. ஈர மண்ணில் குந்தி உட்கார்ந்து நாற்காலியின் கால்களை மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். போலீசில் சார்ஜெண்டாக இருந்த காலத்திலும் அவர் இப்படித்தான். எதிரில் ஆள் கதறிக்கொண்டிருப்பான், இவர் அவன் காலணியை ஆராய்ந்துகொண்டிருப்பார். ஓய்வு பெற்றுத் தனியாகத் துப்பறியும் தொழிலைத் தொடங்கியபோது, கார் ஓட்ட ஆள் வேண்டும் என்று டெனிஸைச் சேர்த்துக்கொண்டார். கசாப்புக் கடை வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன். காரோடு சேர்த்து வாயையும் ஓட்டுவான் என்று அப்போது யாரும் அவரிடம் சொல்லவில்லை.

"காலு பாதி மண்ணுக்குள்ள போயிருச்சு," என்றார் ஹெஸ்டர்.

"என் வெயிட்டைப் பத்திப் பேசணும்னா நேராவே பேசலாம் மேடம். சுத்தி வளைக்க வேணாம்."

"நீ உக்கார்றதுக்கு முன்னாடியே போயிருந்துச்சு. சும்மா அலட்டிக்காத."

கெரிட்ஜ் பண்ணையின் களஞ்சியத்துக்குப் பின்னால் ஒரு வேலி. அந்த வேலிப் புதருக்குள் பச்சையும் பழுப்புமாக ஒரு மறைப்பு வலை. வலைக்கு உள்ளே இந்த மடக்கு நாற்காலி. இங்கே உட்கார்ந்தால் பண்ணை முற்றம் முழுதும் தெரியும், முற்றத்திலிருந்து பார்த்தால் இங்கே ஒரு ஈ கூடத் தெரியாது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் பண்ணைக்காரர் ரூபர்ட் கெரிட்ஜ் நாய்களையும் கூட்டிக்கொண்டு சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, இரண்டு டிராக்டர்களிலும் இருந்த ஜிபிஎஸ் திரைகளை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

"யாரோ இல்ல. சிரில் ஹவ்லெட்," என்றார் ரூபர்ட். வேலிக்கு அந்தப் பக்கம், சேறு படாத இடமாகப் பார்த்து நின்றிருந்தார். "இந்தச் சுத்து வட்டாரத்துல வலையைக் கட்டிட்டு அதுக்குள்ள உக்கார்ற ஆளு அவன் ஒருத்தன்தான். என் பட்டாணி வயல்ல புறா சுட நான்தான் அனுமதி குடுத்திருக்கேன். அந்த நன்றிக்கு இது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் எங்கடா இருந்தேன்னு கேட்டா, வாயில கொழுக்கட்டை வச்ச மாதிரி நிக்கிறான். நான் உங்களைக் கூப்பிட்டது ஆதாரத்துக்கு மிஸஸ் லார்ட்டர். ஆள் யாருன்னு கண்டுபிடிக்க இல்ல."

"போலீசுக்குச் சொல்லிட்டீங்களா?"

"சாயங்கால டீ வரைக்கும் பொறுத்துப் பார்க்கறேன். அதுக்கப்புறம் போன் போடப் போறேன்."

அந்தப் போன் போனால் என்ன நடக்கும் என்பது டெனிஸுக்கே தெரியும். போலீஸ் முதலில் சிரிலின் துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு போகும். அடுத்த நாள் பக்கத்துப் பண்ணைகளின் வாசல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும். திருடவில்லை என்று பிறகு நிரூபணமானாலும், சாத்திய வாசலைத் திறக்க யாருக்கும் மனசு வராது. வயலோரம் வலைக்குள் உட்காருவதைத் தவிர வேறெதுவும் தெரியாத மனிதர், அப்புறம் ஜன்னலோரம் உட்கார வேண்டியதுதான்.

ஹெஸ்டர் எழுந்து தன் குடையை டெனிஸிடம் நீட்டினார். "இதைத் துப்பாக்கின்னு வச்சுக்க. வலது பக்கத்துலேர்ந்து புறா வருது. சுடு."

டெனிஸ் குடையைத் தோளில் வைத்து வேகமாகத் திரும்பினான். முழங்கை நாற்காலிக் கையில் மடேரென்று இடித்தது. "ஐயோ அம்மா!"

"புறா போயிருச்சு. இடது பக்கம் ஒண்ணு வருது."

"அது பொழைச்சுப் போகட்டும் மேடம். எனக்கு இன்னொரு முழங்கைதான் இருக்கு."

ஹெஸ்டர் ரூபர்ட்டைப் பார்த்தார். "கை வச்ச நாற்காலில உக்காந்து எவனும் புறா சுட மாட்டான். ஊசிக்கால் வேற, ஈர மண்ணுல அப்படியே இறங்கிடும். இது சுடுற ஆளோட ஆசனமே இல்ல."

ரூபர்ட் சிரித்தார். "அன்னைக்கு அவன் சுட வரலையே மேடம்! நோட்டம் விட வந்தான். நோட்டம் விடறதுக்கு எந்த நாற்காலியா இருந்தா என்ன?"

பதில் நறுக்கென்று இருந்தது. டெனிஸுக்கே மனசு ஒரு கணம் ரூபர்ட் பக்கம் சாய்ந்தது.

"அப்போ செவ்வாய்க்கிழமை அவர் எங்க உக்காந்திருந்தார்னு காட்டினாப் போதுமா?" என்று கேட்டார் ஹெஸ்டர்.

"டீக்கு முன்னாடி காட்டுங்க, பார்ப்போம். முதல்ல சாப்பிட வாங்க. எங்க வீட்டுக்கு வந்தவங்க பட்டினியாப் போனாங்கன்னு அம்மாவுக்குத் தெரிஞ்சா என்னைத் தொலைச்சுடுவாங்க."

சாப்பாட்டு அறையில் பெரிய ஜன்னல் ஒன்று, சின்ன ஜன்னல் ஒன்று. பெரியதில் மஞ்சள் கிளிகள் போட்ட கனமான திரை. சின்னது மொட்டையாக இருந்தது.

"அந்தக் கிளியெல்லாம் பறந்துடுச்சா?" என்றான் டெனிஸ்.

"அம்மா துவைக்கப் போட்டாங்க. ரொம்ப நாளாத் துவைக்கிறாங்க," என்றபடி, மாவு மூடிச் சுட்ட இறைச்சிப் 'பை'யை வெட்டினார் ரூபர்ட். "புறாப் பை. அம்மா செஞ்சு வச்சுட்டுப் போனது. பழகிக்கோங்க. இந்த வீட்டுல வாரத்துக்கு மூணு நாள் புறாதான். கசாப்புக் கடையில மலிவாத் தராங்களாம்."

டெனிஸ் ஒரு வாய் வைத்தான். பல்லில் நறுக்கென்று என்னவோ கடிபட்டது. எடுத்துப் பார்த்தால் கடுகளவு ஈயக் குண்டு. சுற்றுவட்டாரக் கசாப்புக் கடைகள் அத்தனைக்கும் இறைச்சி கொண்டுபோய்ப் போட்டவன் அவன். ஒரு கடையிலும் புறா விற்று அவன் பார்த்ததில்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தான். மேஜைக்கு அடியில் ஹெஸ்டரின் பூட்ஸ் அவன் காலை மிதித்தது.

"அம்மா வீட்டுல இல்லையா?" என்று கேட்டார் ஹெஸ்டர்.

"க்ரோமர்ல சித்தி வீட்டுக்குப் போயிருக்காங்க. புதன்கிழமை காலையில கிளம்பினாங்க, இன்னைக்கு பஸ்ல வராங்க. அவங்க போனதுக்கு அப்புறம்தான் திருட்டே தெரிஞ்சுது. இந்த விஷயத்தை அவங்க காதுல போடலை, நீங்களும் போட்டுடாதீங்க. பாவம், பதறிப்போயிடுவாங்க. அப்பா போனதுக்கு அப்புறம் செவ்வாய், வியாழன்ல தையல் கிளாஸுக்குப் போறதைத் தவிர அவங்களுக்கு உலகமே தெரியாது."

ஹெஸ்டர் இன்னொரு துண்டு பை கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் இரண்டாவது துண்டு கேட்டால் ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது என்று பொருள். என்ன தட்டுப்பட்டது என்று காரில் கேட்டான் டெனிஸ். ரோட்டைப் பார்த்து ஓட்டு என்று பதில் வந்தது.

சிரில் ஹவ்லெட் நெட்டையான மனிதர். தன் கொட்டகை வாசலிலேயே தலை குனிந்துதான் நின்றார்.

"ரூபர்ட் அனுப்பிச்சாரா? என்கிட்ட சொல்றதுக்கு ஒண்ணும் இல்லம்மா. செவ்வாய்க்கிழமையைப் பத்திக் கேக்காதீங்க."

"கேக்க மாட்டேன்," என்றார் ஹெஸ்டர். "ஆசனம் பத்திக் கேக்கத்தான் வந்தேன். இந்தத் தம்பி புறா சுடக் கத்துக்கணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறான். நல்லதா ஒரு மடக்கு நாற்காலி வாங்கித் தரலாம்னு…"

"மடக்கு நாற்காலியா!" சிரிலின் முகம் சிவந்துவிட்டது. "அதை வாங்கிக் குடுக்கறதுக்கு அவன் முதுகை நீங்களே முறிச்சு விட்டுடலாம். உள்ள வாங்க. தம்பி, நீயும் வா. கேட்டுக்க."

வாயில் கொழுக்கட்டை வைத்திருந்த மனிதர் அருவியாகக் கொட்டினார். துப்பாக்கி எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, உட்காருகிற இடம் ஆடக்கூடாது. முக்காலி நல்லதுதான், மேடு பள்ளத்தில் ஆடாது. ஆனால் உழுத மண்ணில் மூன்று காலும் மூன்று திசையில் இறங்கும். ஆபீஸில் சுற்றுகிற நாற்காலியை ஒருத்தன் வயலுக்குக் கொண்டுவந்தான். ஜோராகச் சுற்றியது, கூடவே கிறீச்சென்று கத்தியது. அந்தச் சத்தத்தில் புறாக்கள் பக்கத்து மாவட்டத்துக்கே போய்விட்டன. காலுக்கு அடியில் ஒரு பட்டைப் பலகை அடிக்க வேண்டும், அப்போதுதான் மண்ணில் இறங்காது. உயரம் ரொம்ப முக்கியம். உட்கார்ந்தால் பாதம் முழுசாகத் தரையில் படிய வேண்டும், எழுந்தால் முனகல் வரக்கூடாது, தலை வலைக்கு மேலே எட்டிப் பார்க்கக்கூடாது.

"அதனால ஒருத்தர் ஆசனம் இன்னொருத்தருக்கு ஆகாது. நான் என்னோடதை யாருக்கும் குடுத்ததில்ல. இந்த ஊர்ல யாரும் கேக்கவும் மாட்டாங்க. பல் செட்டைக் கடன் கேக்கற மாதிரி அது."

"இதுதான் உங்களோடதா?" டெனிஸ் மூலையிலிருந்த எண்ணெய் டிரம்மின் மேல் உட்காரப் போனான். மேலே பஞ்சு வைத்துத் தைத்த மூடி. உட்கார்ந்ததும் புழுதி கிளம்பி நாலு தும்மல் வந்தது.

"ரொம்ப நாள் அதுலதான் உக்காந்தேன். இப்போ இல்ல."

"அப்போ இப்போ எதுல உக்கார்றீங்க?" என்றார் ஹெஸ்டர் மெதுவாக.

சிரில் வாயைத் திறந்தார். அப்படியே மூடிக்கொண்டார். அருவி நின்றுவிட்டது.

ஹெஸ்டர் அதற்குமேல் கேட்கவில்லை. பட்டறை மேஜைக்கு அடியில் குனிந்து, மரத்தூளுக்குள் கிடந்த ஆஷ் மரத் துண்டுகள் இரண்டை எடுத்தார். இரண்டும் சாண் நீளம், ஒரே கனம், ரம்பம் பட்ட முனை இன்னும் வெளுப்பாக இருந்தது. பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தார்.

வெளியே வந்ததும் டெனிஸ் சொன்னான். "நாலு கால் ஆசனத்துல ரெண்டு காலை மட்டும் குறைச்சிருக்காரு. ஆடக்கூடாதுன்னு நமக்கு அவ்வளவு பாடம் எடுத்துட்டு, அவர் உக்கார்றது சறுக்கு மரத்துல போலிருக்கு."

"சரிவான இடத்துல போடறதுக்குக் குறைச்சிருக்கலாம்," என்றார் ஹெஸ்டர்.

"அப்படியும் இருக்கலாம்."

"கனமான சாமானைத் தினமும் தூக்கிட்டுப் போக மாட்டார். போட்ட இடத்துலயே கிடக்கும். காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து அடிக்குது டெனிஸ்?"

"கடல் பக்கத்துலேர்ந்து. ஒரு வாரமா என் காதுக்குள்ளேயேதான் அடிக்குது."

"புறா காத்துக்கு எதிரா வந்துதான் இறங்கும். அதனால சுடறவன் காத்துக்கு முதுகைக் காட்டி உக்காருவான். பட்டாணி வயல்ல கடல் பக்கத்து ஓரம் எது? அங்க போ."

அந்த ஓரத்தில் ஒரு சின்னத் தோப்பு இருந்தது. வயலில், புறாக்களை ஏமாற்றி இறக்க வைத்த நாலைந்து பிளாஸ்டிக் புறாக்கள் நிஜப் புறாக்களைவிட அடக்கமாக மேய்ந்துகொண்டிருந்தன. தோப்பின் விளிம்பில், காய்ந்த முட்கொடிகளுக்கு நடுவே வலையை விலக்கியதும் ஆசனம் தெரிந்தது.

அழகாகச் செய்திருந்தார். அதே ஆஷ் மரத்தில் பெஞ்சு, ஒவ்வொரு காலுக்கும் அடியில் தட்டையாக ஒரு பட்டைப் பலகை. டெனிஸ் ஒரு ஓரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான், தேவாலயத்து மணிக்கூண்டு போல அசையாமல் நின்றது. ஆனால் பலகை ஒரே மட்டமாக இல்லை. பெஞ்சின் இடது பாதி உயரம், வலது பாதி ஒரு சாண் தாழ்வு, மாடிப்படி போல.

"சரிவுக்குத்தான் செஞ்சிருக்கார்," என்றான் டெனிஸ் பெருமையோடு.

ஹெஸ்டர் பிளாஸ்கைத் திறந்து பெஞ்சுக்கு அடியில் டீயை ஊற்றினார். டீ எந்தப் பக்கமும் ஓடவில்லை. வட்டமாகத் தேங்கி நின்று, மெதுவாக மண்ணில் ஊறியது.

"தரை சமம்."

"ஒரு சந்தேகத்துக்காக முழு பிளாஸ்கா மேடம்? எனக்கு ஒரு வாய் வச்சிருக்கலாம்."

"இது ஒரு ஆளுக்குச் செஞ்ச ஆசனமில்ல டெனிஸ். ஒரு நெட்டை, ஒரு குட்டை."

டெனிஸுக்குச் சுரீர் என்றது. இரண்டு பேர். இரண்டு டிராக்டர், இரண்டு திரை, இரண்டு திருடர்கள். சிரிலுக்குக் கூட்டாளி ஒருவன் இருக்கிறான், அவனைக் காப்பாற்றத்தான் கிழவர் வாயைத் திறக்கவில்லை. கொட்டகையில் அந்த மனிதரைப் பிடித்துப்போயிருந்தது அவனுக்கு.

பெஞ்சின் இரண்டு ஓரத்திலும் கொக்கி அடித்திருந்தது. நெட்டைப் பக்கத்துக் கொக்கிக்குக் கீழே பிளாஸ்க் வைத்து வைத்து வட்டமாகக் கறை. பலகை இடுக்கில் பிஸ்கட் துகள். குட்டைப் பக்கத்துக் கொக்கியில் ஒரு வாளி தொங்கியது, அதில் பாதி வரைக்கும் காலித் தோட்டாக்கள். குட்டைப் பக்கத்தில் மட்டும் ஒரு மெத்தையும் தைத்துப் போட்டிருந்தார்கள்.

ஹெஸ்டர் பேனாக்கத்தியால் மெத்தையின் தையலில் நாலே நாலு கண்ணை விடுவித்து, துணியை லேசாகப் புரட்டினார். உட்பக்கம் மஞ்சள் மஞ்சளாகக் கிளிகள்.

"அடப்பாவி மனுஷா! ஜன்னல் திரையையும் திருடிட்டாரா?"

"கிளியைப் பார்த்தா புறா இறங்காதுன்னு துணியை உள்பக்கம் திருப்பித் தைச்சிருக்காங்க. தையலைப் பாரு. சிரிலோட அந்தக் கைக்கு இந்தத் தையல் வருமா?"

டெனிஸ் தையலைப் பார்த்தான். புறாப் பையில் கடிபட்ட ஈயக் குண்டை நினைத்தான். செவ்வாய், வியாழன் தையல் கிளாஸை நினைத்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை.

"அதுக்குள்ள ஊமையாகிடாத," என்றார் ஹெஸ்டர். "பஸ் வர்ற நேரமாச்சு. போய் மிஸஸ் கெரிட்ஜைக் கூட்டிட்டு வா. வர்ற வழியில சிரிலையும் ஏத்திக்க. ரெண்டு பேர்கிட்டயும் எதுவும் பேசாத. அதாவது, முடிஞ்ச வரைக்கும்."

அந்தக் கார்ப் பயணம் டெனிஸுக்கு மறக்காது. பின் சீட்டில் இரண்டு பேரும் இரண்டு ஓரம். ஐவி கெரிட்ஜ் தரையில் கால் எட்டாத அளவுக்குக் குட்டை. மடியில் கைப்பை, தலையில் நீலத் தொப்பி.

"சௌக்கியமா மிஸ்டர் ஹவ்லெட்?"

"சௌக்கியம் மிஸஸ் கெரிட்ஜ்."

"காத்து ஜாஸ்தியா இருக்கு."

"ஆமாங்க, ஜாஸ்திதான்."

அதோடு பேச்சு முடிந்தது. ஆனால் கண்ணாடியில் டெனிஸ் பார்த்துக்கொண்டேதான் வந்தான். சிரில் கோட்டுப் பையிலிருந்து பெப்பர்மிண்ட் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். இன்னொன்றைப் பக்கவாட்டில் நீட்டினார். அந்த அம்மாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே கையை நீட்டி வாங்கிக்கொண்டார். அது எங்கே நீட்டப்படும் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது.

தோப்புக்குப் போனபோது ரூபர்ட் அங்கே வந்துவிட்டிருந்தார். ஹெஸ்டர்தான் போன் செய்து வரவழைத்திருந்தார். பெஞ்சின் இரண்டு உயரத்தையும் பார்த்துவிட்டு, பரிசு விழுந்தவர் போல நின்றிருந்தார்.

"ரெண்டு பேர்! நான் அப்பவே சொன்னேன். எவன்டா அந்தக் கூட்டாளி? அம்மா, நீங்க எதுக்கு இங்க? யார் இவங்களைக் கூட்டிட்டு வந்தது?"

"நான்தான்," என்றார் ஹெஸ்டர். "பஸ்ல வந்த களைப்பு இருக்கும். உக்காருங்க மிஸஸ் கெரிட்ஜ்."

ஐவி அம்மாள் யோசிக்கவே இல்லை. நேராகப் போய்ப் பெஞ்சின் தாழ்வான பாதியில் உட்கார்ந்தார். காரில் தொங்கிக்கொண்டிருந்த இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் படிந்தன. வலது கை தானாகக் கீழே போய், வாளியின் விளிம்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

"அம்மா, அதுல உக்காராதீங்க! அது ஆதாரம்!"

"எதுக்கு ஆதாரம்?"

ரூபர்ட் தலையைச் சொறிந்தார். வேறு வழி இல்லாமல் எல்லாவற்றையும் சொன்னார்: டிராக்டர் திரைகள் திருடு போனது, வேலியில் வலை, சிரில் வாய் திறக்காதது, டீக்குப் பிறகு போடப்போகிற போன். அம்மாள் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு மகனை விட்டுவிட்டு, கைகளைப் பிசைந்துகொண்டு நின்ற சிரிலைப் பார்த்தார்.

"செவ்வாய்க்கிழமை மத்தியானம் நீ எங்க இருந்தேன்னு இவன் கேட்டானா?"

"கேட்டாரு ஐவி."

"நீ சொல்லலையா?"

"சொல்லல."

"ரூபர்ட்," என்றார் அம்மாள். "செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவர் உக்காந்திருந்தது அதோ, அந்த உயரமான பக்கத்துல. நான் இந்தப் பக்கத்துல. போன வருஷத்துலேர்ந்து இங்கதான் உக்கார்றோம்."

"தையல் கிளாஸ்?"

"அந்த டீச்சர் ஸ்பெயினுக்குக் குடி போய் எவ்வளவு நாளாச்சு. நீ ஒரு தடவையாவது என்ன தைச்சீங்கன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

ரூபர்ட்டின் முகத்தில் வர்ணங்கள் மாறி மாறி வந்துபோயின. அவரைப் பார்க்க டெனிஸுக்கே பாவமாக இருந்தது, கொஞ்சமாக.

"இருங்க, இருங்க," என்றார் அம்மாள் திடீரென்று. "செவ்வாய்க்கிழமையா? களஞ்சியத்துக்குப் பின்னாடியா? அந்த நாசமாப்போன வெள்ளை வேன்! மேல ஏணி கட்டியிருந்துச்சு. கதவு ஒண்ணு மட்டும் நீலக் கலர். பின் சந்துக்குள்ள படபடன்னு புகுந்து, இறங்கின புறா அத்தனையையும் கிளப்பி விட்டுட்டான். அவனை நான் திட்டின திட்டு கொஞ்சமில்ல. அந்த வேனை நான் எந்த ஊர்ல பார்த்தாலும் சொல்லுவேன்."

"ஏணி, நீலக் கதவு," என்று திரும்பச் சொல்லிக்கொண்டார் ஹெஸ்டர். "போலீசுக்குப் போன் போடுங்க மிஸ்டர் கெரிட்ஜ். டீ வரைக்கும் காத்திருக்க வேணாம். ஆனா வேனைப் பத்தி. வேலிக்குள்ள வலையும் நாற்காலியும் போட்டு நோட்டம் விட்டது அந்த வேன்காரனாத்தான் இருக்கும்."

ரூபர்ட் போனைக் கையில் எடுத்தார். போடவில்லை. "எங்கம்மா இங்க உக்காந்து இவர் சுடறதை வேடிக்கை பார்த்துட்டிருந்தாங்க, அதை என்கிட்ட சொல்ல இவருக்கு வாய் வரல. திருடன்னு பேர் வாங்கத் தயாரா இருந்திருக்காரு. எதுக்கு?"

"வேடிக்கை பார்த்தது யாரு?" என்றார் ஹெஸ்டர். "வாளி எந்தப் பக்கம் தொங்குதுன்னு பாருங்க."

எல்லோரும் பார்த்தார்கள். காலித் தோட்டா வாளி ஐவி அம்மாளின் கைக்குக் கீழே. பிளாஸ்க் கறையும் பிஸ்கட் துகளும் சிரிலின் பக்கம். ஒரு வலைக்குள் ஒரு துப்பாக்கிதான் என்பது இந்தப் பக்கத்து வழக்கம். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் சுடுவார், மற்றவர் டீ ஊற்றுவார். டீ ஊற்றினது யார் என்று டெனிஸுக்கு இப்போதுதான் உறைத்தது.

சிரில் தொப்பியைக் கழற்றினார். நெட்டை மனிதர் சுருங்கிப் போயிருந்தார்.

"கண்ணுல புரைங்க," என்றார். "ஆபரேஷனுக்குப் பேர் குடுத்திருக்கேன், இன்னும் கூப்பிடல. புறா பறந்து வந்தா எனக்குப் புகை மாதிரிதான் தெரியுது. போன வருஷத்துலேர்ந்து உங்க பட்டாணியைக் காப்பாத்தறது நான் இல்ல மிஸ்டர் கெரிட்ஜ். இவங்கதான். உங்கப்பா காலத்துலேர்ந்தே துப்பாக்கி லைசென்ஸ் வச்சிருக்காங்க, சின்ன வயசுலயே நல்லா சுடுவாங்க. என்னைவிட நல்லா. என்னோட நல்ல காலத்துலகூட."

"யோவ், அதுக்காகவா திருட்டுப் பட்டத்தை வாங்கிட்டு நின்னீரு?" டெனிஸால் பொறுக்க முடியவில்லை.

"சிரில் ஹவ்லெட் திருடன்னு சொன்னா இந்த ஊர்ல பாதிப் பேர் நம்ப மாட்டாங்க தம்பி. சிரில் ஹவ்லெட்டுக்குக் குறி தப்புதுன்னு சொன்னா எல்லாரும் நம்பிடுவாங்க."

ஐவி அம்மாளின் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"நான் என்ன நெனச்சேன் தெரியுமா? என் பேர் கெட்டுடக் கூடாதுன்னு வாயை மூடிட்டு நின்னியேன்னு, இப்போ ஒரு நிமிஷம் எனக்கு நெஞ்சே அடைச்சுப் போச்சு."

"அதுவும்தான் ஐவி."

"எது முதல்ல?"

சிரில் தொப்பியை இப்படியும் அப்படியுமாகத் திருப்பினார். பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் எந்தக் கோர்ட்டிலும் கிடைக்காது. ஐவி அம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறாரா அழுகையை அடக்குகிறாரா என்று டெனிஸுக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைத்துக்கொண்டான்.

ரூபர்ட் தொண்டையைச் செருமினார். பண்ணைக்காரர் பதவிக்குத் திரும்பி வர முயன்றார். "சரி. திருட்டு விஷயத்துல நான் சொன்னது தப்பு. மன்னிச்சுக்குங்க ஹவ்லெட். ஆனா கண் தெரியாத ஒருத்தர் என் வயல்ல துப்பாக்கியோட இருக்கறதுக்கு நான் எப்படி அனுமதி…"

"உன் வயலா?" என்றார் அம்மாள்.

நிலப் பத்திரத்தில் இருப்பது யார் பேர் என்று ரூபர்ட்டைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

"ஆனா அவன் சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு," என்று சிரில் பக்கம் திரும்பினார் அம்மாள். "சிரில், கேட்டுக்க. என் நிலத்துல சுடறதுக்கு உனக்குக் குடுத்த அனுமதியை இந்த நிமிஷத்தோட எடுத்துட்டேன். ஆபரேஷன் முடியற வரைக்கும் துப்பாக்கியைத் தொடக் கூடாது."

சிரிலின் முகத்தில் ரத்தமே இல்லை. எதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தாரோ அது கடைசியில் ஐவியின் வாயிலிருந்தே வந்துவிட்டது. ரூபர்ட்கூட, அம்மா கொஞ்சம் கடுமையாகப் போகிறாரோ என்கிற மாதிரி நெளிந்தார்.

"இங்க உக்கார்றதுக்கு அனுமதி," என்றார் ஐவி அம்மாள், பெஞ்சின் உயரமான பாதியைக் கையால் தட்டி, "அது நான் இருக்கற வரைக்கும். அதை யாரும் எடுக்க முடியாது. நானே நெனச்சாலும்."

சிரில் இரண்டடி வைத்து வந்து, தடவிப் பார்க்காமல், தன் இடத்தில் சரியாக உட்கார்ந்தார். பெஞ்சு கொஞ்சமும் அசையவில்லை. உட்கார்ந்ததும் இரண்டு பேரின் தோளும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டதை டெனிஸ் அப்போதுதான் கவனித்தான்.